வீட்டு நாய் திடீரென்று கடிக்க வந்தால்: காரணம் அறிந்து சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளாகக் குழந்தைகளோடு புரண்டு விளையாடிய நாய் ஒரு மாலையில் வீட்டுக்காரரின் கையைக் கவ்விவிட்டால், அன்றிரவே அந்த வீட்டில் இரண்டு பேச்சுகள் எழும். ஒன்று, "இதற்கு வெறி பிடித்துவிட்டது" என்பது. மற்றொன்று, "நாலு அடி போட்டால் அடங்கிவிடும்" என்பது. முதல் பேச்சைக் கவனமாக எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும். இரண்டாவதற்குக் காது கொடுக்கவே கூடாது. நாய் உண்மையிலேயே ஓரிரு நாட்களுக்குள் மாறியிருந்தால், பெரும்பாலும் அதன் உடலில் ஏதோ நேர்ந்திருக்கிறது. மாறிவிட்டதாக நமக்கு மட்டும் தோன்றினால், அது வாரக்கணக்கில் காட்டிவந்த அறிகுறிகள் நம் கண்ணில் படாமல் போயிருக்கின்றன. இவ்விரண்டில் எது என்பதைப் பிரித்தறிவதுதான் வேலையின் பாதி. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். உடல்நோய் இல்லை என்று உறுதியாகும் முன் பயிற்சியில் இறங்கினால் நாயின் வலியும் தீராது, உங்கள் கையும் தப்பாது.

முதல் படி: பிரித்து வைத்தலும் காயத்தைக் கழுவுதலும்

கடித்த நாயை உடனே திட்டவோ, கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கவோ வேண்டாம். பதற்றத்தில் இருக்கும் நாயின் கழுத்தருகே கை போனால் இரண்டாவது கடி விழும். பிஸ்கட்டையோ கறித்துண்டையோ தள்ளி எறிந்து, அது வேறு அறைக்குள் போனதும் கதவைச் சாத்துங்கள். அங்கே தண்ணீர் இருக்கட்டும், காற்றோட்டம் இருக்கட்டும். இரண்டு நாய்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தால் நடுவில் கையை நுழைக்காமல், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியோ, நாற்காலியையோ கனமான போர்வையையோ இடையில் போட்டோ பிரிக்க வேண்டும்.

பல் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவ வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் ஒரே நிமிடத்தில் போதும் என்று நிறுத்திவிடுகிறோம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். கழுவியவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. தோலில் போடும் முறையில் முதல் நாளும், அதன்பின் 3, 7, 28 ஆம் நாட்களிலும் ஊசி உண்டு. ரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரதமும் தேவைப்படும். நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாமல், நாயின் தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டி அவரை முடிவெடுக்கச் செய்யுங்கள். அறிகுறி தோன்றிய பிறகு இந்நோயிலிருந்து மீள்வது ஏறக்குறைய இயலாத காரியம்.

இரண்டாம் படி: வெறிநோயா என்று பார்த்தல்

ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போடப்பட்டு, தெருநாய்களோடு கடிபடாமல் வளர்ந்த நாய்க்கு வெறிநோய் வருவது அரிது. அட்டை இல்லாத நாய், ஊசி தவறிப்போன நாய், சில மாதங்களுக்குள் வெளியே ஏதோ ஒரு விலங்கிடம் கடிபட்ட நாய் ஆகியவற்றைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். குரைப்பொலி கரகரத்து மாறுதல், எச்சில் ஒழுகுதல், காரணமின்றி மண்ணையும் கட்டையையும் கடித்தல், இருட்டான மூலையில் ஒடுங்குதல், பின்னங்கால் தள்ளாடுதல் ஆகியவை கூடி வந்தால் ஆபத்து. சீறிப் பாயாத வகை ஒன்றும் உண்டு. அதில் கீழ்த்தாடை தொங்கிப்போய், தொண்டையில் எலும்பு சிக்கியது போல நாய் திணறும். எலும்பை எடுக்கிறேன் என்று அதன் வாய்க்குள் கைவிடுவதைப் போல ஆபத்தான செயல் வேறில்லை. அப்படிப்பட்ட நாயைத் தொடாமல் அறையில் அடைத்து, கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.

கடித்த நாயைக் கொன்றுவிடவோ எங்காவது விட்டுவிடவோ கூடாது என்பதற்கு இரக்கத்தைத் தவிர இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. வெறிநோய்க் கிருமி எச்சிலில் வெளிவரத் தொடங்கிய நாய் அடுத்த சில நாட்களிலேயே நோயுற்று இறந்துவிடும். ஆகவே கடித்து 10 நாட்கள் ஆன பின்னும் வழக்கம்போல் உண்டு உலவும் நாயால், கடித்த அன்று நோய் பரவியிருக்க வாய்ப்பில்லை. கடிபட்டவருக்கான சிகிச்சையில் அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தப் 10 நாள் கவனிப்பு உதவுகிறது. அதற்காகத் தடுப்பூசியைத் தொடங்காமல் காத்திருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாகவே நடக்க வேண்டும்.

மூன்றாம் படி: உடலில் வலி தேடுதல்

அதிக நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2020 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, நடத்தைச் சிக்கலுக்காக நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிற்கு ஏதோ ஒரு வலி இருப்பதாகவும், சில இடங்களில் அந்தப் பங்கு இன்னும் மிகக் கூடுதலாக இருப்பதாகவும் மதிப்பிட்டது. நாய் வலியைச் சொல்லி அழுவதில்லை. தொட்டால் வலிக்கும் இடத்தைத் தொட வரும் கையைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே தொட்டபோது, என்ன செய்தபோது கடித்தது என்பதே முதல் தடயம். தலையைத் தடவும்போது கடித்தால் காதையும் பல்லையும் பார்க்க வேண்டும். தொங்கு காது கொண்ட லாப்ரடாரும் காக்கர் ஸ்பானியலும் நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் காதுச்சீழால் அடிக்கடி அவதிப்படுகின்றன. தலையை உதறுவதும், காதோரம் நாறுவதும், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பதும் இதன் அடையாளங்கள். தூக்கும்போதோ, படுத்திருக்கையில் குழந்தை மேலே விழும்போதோ கடித்தால் இடுப்பு மூட்டையும் முதுகெலும்பையும் சந்தேகிக்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டிலும் லாப்ரடாரிலும் இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக வருவது. மாடிப்படி ஏறத் தயங்குதல், எழும்போது சற்றே தடுமாறுதல், முன்போல் சோபாவில் தாவாதிருத்தல் ஆகியவற்றை வயதாகிவிட்டது என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

பின்னால் இருந்து வருபவரைக் கண்டு துள்ளிக் கடிக்கும் நாய்க்குப் பார்வையோ செவியோ மங்கியிருக்கலாம். வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கவ்வும். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் எந்தப் பருவத்திலும் வரக்கூடியது. ஈறு வெளுத்து, சோர்ந்து, உணவை மறுக்கும் நாய் எரிச்சலோடு உறுமுவதில் வியப்பில்லை. நடுவயதில் உடல் பெருத்து, முடி கொட்டி, சுறுசுறுப்பு குறைந்தால் தைராய்டு அளவைப் பார்க்க வேண்டும். வலிப்புக்கு முன்னும் பின்னும் சில நாய்கள் குழம்பி, வீட்டாரையே அடையாளம் தெரியாமல் நடந்துகொள்ளும். முதிய நாய் இரவில் உலாவி, சுவரைப் பார்த்து நின்று, பழகிய வாசலில் திணறினால் அது மூளைத் தேய்வின் அறிகுறியாக இருக்கலாம். தோல்நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் பசியையும் எரிச்சலையும் கூட்டுவதுண்டு. அண்மையில் தொடங்கிய எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்து சுமார் இரண்டு மாதம் கழித்துக் கட்டிலுக்கு அடியில் செருப்பையோ பொம்மையையோ குட்டிபோல அணைத்துக்கொண்டு உறுமினால், அது பொய்க்கர்ப்பம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். அதுவரை அந்தச் செருப்பைப் பிடுங்கப் போகாதீர்கள்.

மருத்துவமனையில் அச்சத்தால் உடல் விறைத்திருக்கும் நாய் நொண்டலைக்கூட மறைத்துவிடும். எனவே அது வீட்டில் நடப்பதையும், படி ஏறுவதையும், உண்பதையும் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டு செல்லுங்கள். காது, வாய், மூட்டுகள் ஆகியவற்றைச் சோதிப்பதோடு ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் பரிசோதனையையும் கேளுங்கள். தேவைப்பட்டால் மயக்கமருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். 1903 இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை வேப்பேரியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் இத்தகைய பரிசோதனைகளுக்கு வழி உண்டு. எதுவும் தென்படாவிட்டாலும் சில வாரங்களுக்கு வலிமருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் மனிதர்களுக்கான இபுப்ரோபன், பாராசிட்டமால் போன்றவற்றை நீங்களாகக் கொடுத்துவிடக் கூடாது, அவை நாய்க்கு நஞ்சாகும்.

நான்காம் படி: குறிப்பேடும் உடல்மொழியும்

உடல்நோய் இல்லை என்று தெரிந்த பின், அல்லது அதற்குச் சிகிச்சை தொடங்கிய பின், ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். உறுமினாலும் கடித்தாலும் நேரம், இடம், அருகில் இருந்தவர்கள், அதற்குச் சற்றுமுன் நடந்தது, நாய் நின்ற விதம், அதற்குப் பின் நீங்கள் செய்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். அன்று முழுவதும் என்னென்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். காலையில் குளிப்பாட்டல், நண்பகலில் தெருவில் சாவு ஊர்வலத்தின் பறையும் வெடியும், மாலையில் உறவினர் கூட்டம் என்று அடுக்கடுக்காக வந்த பிறகு, இரவில் ஒரு குழந்தை வாலை மிதித்ததற்கு நாய் கடித்திருந்தால், அந்த மிதி கடைசித் துளி மட்டுமே.

கடிக்கு முன் நாய் பேசும் மொழி ஒன்று இருக்கிறது. தூக்கக் கலக்கமே இல்லாதபோதும் கொட்டாவி விடுதல், எதிரில் உணவே இல்லாதபோதும் உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியக் கடைக்கண்ணால் பார்த்தல் ஆகியவை அதன் மெல்லிய சொற்கள். பிறகு வால் ஒடுங்கும், உடல் தாழும். அதன்பின் ஒரு கணம் நாய் அப்படியே உறைந்து நிற்கும். குழந்தை நாயைக் கட்டிப்பிடித்திருக்கையில் நாய் அசையாமல் இருந்தால், எவ்வளவு பொறுமை என்று நாம் படம் எடுக்கிறோம். உண்மையில் எடுக்க வேண்டியது குழந்தையைத்தான். உறைதலுக்குப் பின் உறுமல், பல்லைக் காட்டல், காற்றில் ஒரு கவ்வு, கடைசியாகக் கடி. வால் ஆட்டுவது நட்பின் அடையாளம் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். உயர்த்திய வால் விறைப்பாக ஆடினால் அது எச்சரிக்கை.

வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் நாய்கள் மனமுதிர்ச்சி அடைகின்றன. குட்டியாக இருந்தபோது அந்நியரைக் கண்டு பின்வாங்கி ஒளிந்த நாய், இப்போது முன்னேறிக் குரைத்து விரட்டப் பார்க்கும். கூரியர்காரர் பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார். தான் குரைத்ததால்தான் அவர் ஓடினார் என்று நாய் ஒவ்வொரு நாளும் கற்றுக்கொள்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண் மூன்று மாதம் கழித்துக் குழந்தையோடு திரும்பும் வீட்டில், அதுவரை கூடத்தில் படுத்திருந்த நாய் ஒரே நாளில் மொட்டைமாடியில் கட்டப்பட்டால், நாயின் பார்வையில் குழந்தையின் வருகை எப்படிப் பதியும் என்று எண்ணிப்பாருங்கள்.

ஐந்தாம் படி: உறுமலை அடக்காதிருத்தல்

உறுமும் நாயை அடித்தால் உறுமல் நிற்கும். அதற்குக் காரணமான அச்சமோ வலியோ நிற்பதில்லை. அடுத்த முறை அந்த நாய் உறுமாமலே கடிக்கும். எச்சரிக்காமல் கடிக்கும் நாய்களில் பலவற்றை உருவாக்கியது இந்த அடிதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகன் ஹெரானும் குழுவினரும் 2009 இல் 140 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தபோது, அடித்தல் அல்லது உதைத்தல் என்ற முறையைக் கையாண்டவர்களில் 43 விழுக்காட்டினரின் நாய்கள் அதற்குச் சீற்றத்தையே பதிலாகத் தந்திருந்தன. நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடித்தவர்களிடம் இது 31 விழுக்காடு.

"தலைவன் யார் என்று காட்ட வேண்டும்" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுந்த அக்கருத்தைப் பரவலாக்கியவர்களுள் ஒருவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999 இல் எழுதித் தம் பழைய நிலையைத் திருத்திக்கொண்டார். முள் சங்கிலியோ மின்னதிர்ச்சிப் பட்டையோ கொண்டுவரும் பயிற்சியாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உறுமினால் செய்ய வேண்டியது எளிது. செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள், பக்கவாட்டில் திரும்பி விலகுங்கள், எதனால் உறுமியது என்று எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: கடிக்க வாய்ப்பே தராத ஏற்பாடு

ஒவ்வொரு கடியும் நாய்க்கு ஒரு பயிற்சியாகிவிடுகிறது. ஆகவே பயிற்சி பலன்தரும் வரை, பிரச்சினை எழும் சூழலையே தவிர்க்க வேண்டும். விருந்தினர் வரும்போது நாய் உள்ளறையில் இருக்கட்டும். கதவு ஒன்றை மட்டும் நம்பாமல், அறைக்குள்ளும் கயிற்றில் கட்டி, ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கும்படி செய்யுங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் கடித்த நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் யாரும் தொடக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள்.

நாள் முழுவதும் கேட்டருகே சங்கிலியில் கட்டுவது தீர்வாகாது. தெருவில் போவோரை எல்லாம் பார்த்துக் குரைத்து, எட்ட முடியாமல் வெகுளும் நாய் நாளுக்கு நாள் மோசமாகும். எப்போதும் கட்டிவைத்து நடக்கவே விடாதிருப்பது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

வெளியே செல்லும்போது வாய்க்கூடு அணிவியுங்கள். அதில் கம்பி அல்லது ரப்பர்க் கூடைபோல் அமைந்ததையே வாங்க வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிவகை நாயை வாய் திறந்து மூச்சிரைக்க விடாது. நாயின் உடல்சூடு தணிவதே அந்த மூச்சிரைப்பில்தான் என்பதால், நம் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. கூட்டினுள் தயிரையோ வேகவைத்த ஈரலையோ தடவி, நாய் தானே மூக்கை நுழைக்கும்படி முதல் சில நாட்கள் பழக்குங்கள். பட்டையை மாட்டுவது அதற்குப் பின்புதான்.

ஏழாம் படி: மனத்தை மாற்றும் பயிற்சி

அஞ்சும் பொருளைக் கண்டால் நல்லது நடக்கும் என்று நாய் எதிர்பார்க்கும்படி செய்வதே பயிற்சியின் சாரம். அந்நியரைக் கண்டு சீறும் நாய் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு தொலைவில் அவரைப் பார்த்தால் நாய் அமைதியாக உணவு வாங்கிக்கொள்கிறதோ, அந்தத் தொலைவைக் கண்டுபிடியுங்கள். அது 30 அடியாகவும் இருக்கலாம், தெருமுனையாகவும் இருக்கலாம். நாய் அவரைப் பார்த்ததும், உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுங்கள். அவர் மறைந்ததும் நிறுத்துங்கள். ஆள் முதலில் தோன்ற வேண்டும், கறி பிறகு வர வேண்டும். இந்த வரிசை மாறினால் கறிப் பையைக் கண்டாலே யாரோ வரப்போகிறார் என்று நாய் அஞ்சத் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆளைக் கண்டதும் நாய் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் பயிற்சி வேலை செய்கிறது என்று பொருள். அதன்பிறகே சில அடிகள் நெருங்கலாம். நாய் உறைந்தாலோ, உணவை மறுத்தாலோ, நெருங்கிவிட்டோம் என்று புரிந்துகொண்டு பின்வாங்குங்கள்.

உணவுத்தட்டைக் காக்கும் நாய்க்கு நம் ஊரில் சொல்லப்படும் அறிவுரை, சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுப் பழக்கு என்பது. இது நேர்மாறான பலனைத் தரும்; கை வந்தால் சோறு போகும் என்ற அதன் ஐயத்தை நாமே உறுதிப்படுத்துகிறோம். அதற்குப் பதிலாக, நாய் உண்ணும்போது அது பதறாத தொலைவில் கடந்துபோய், தட்டில் இருப்பதைவிடச் சுவையான துண்டு ஒன்றைத் தட்டருகே எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். நாட்கள் செல்லச் செல்ல, நீங்கள் வருவதைக் கண்டு அது தலைநிமிர்ந்து வாலாட்டும். எலும்பையோ செருப்பையோ வாங்க வேண்டியிருந்தால் பண்டமாற்று செய்யுங்கள். முடிந்தபோதெல்லாம் எடுத்ததைத் திருப்பியும் கொடுங்கள்.

இத்துடன் நாளுக்கு இருமுறை, வெயில் ஏறுமுன்னும் இறங்கிய பின்னும், அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்கவிட்டு நடத்திச் செல்லுங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. அவற்றை இரண்டு அறை கொண்ட அடுக்ககத்தில் ஓடவிடாமல் அடைத்தால் எந்தப் பயிற்சியும் நிலைக்காது.

எட்டாம் படி: மருந்தும் கருத்தடையும்

உணவையே மறுக்கும் அளவுக்குப் பதற்றம் உள்ள நாய்க்கு ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்தை மருத்துவர் பரிந்துரைக்கலாம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்களாக நடுவில் நிறுத்தக் கூடாது, பயிற்சியும் உடன் நடக்க வேண்டும். ஆண் நாய்களுக்கிடையிலான சண்டையையும் ஊர்சுற்றலையும் கருத்தடை குறைக்கக்கூடும். அச்சத்தால் கடிக்கும் நாயை அது மாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலவற்றில் அச்சம் கூடவும் செய்யலாம்.

ஒன்பதாம் படி: வைத்துக்கொள்ள முடியுமா என்ற முடிவு

கடியின் ஆழமே முதல் அளவுகோல். கால்நடை மருத்துவரும் நடத்தையியல் வல்லுநருமான இயன் டன்பர் வகுத்த ஆறு நிலைகளில், தோலில் பல் படாத கவ்வல் முதல் நிலை. பல் பட்டும் துளைக்காதது இரண்டாவது. ஒரே கடியில் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாத துளைகள் மூன்றாவது. பாதிக்கு மேல் ஆழ்ந்த துளை நான்காவது, பல ஆழ்ந்த கடிகள் ஐந்தாவது, உயிரிழப்பு ஆறாவது. முதல் இரண்டு நிலைகளில் இருக்கும் நாய் தன் வாயைக் கட்டுப்படுத்துகிறது. நல்ல முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். நான்காம் நிலை தொடங்கி, அதுவும் எதற்குக் கடிக்கிறது என்று கணிக்க முடியாத பெரிய நாயாகவும் வீட்டில் சிறு குழந்தை இருப்பதாகவும் அமைந்தால், கருணைக்கொலை உட்பட எல்லா வழிகளையும் மருத்துவரோடு மனம்விட்டுப் பேச வேண்டும். அந்த முடிவை எடுத்த குடும்பங்களை யாரும் பழிக்கக் கூடாது. வேறு வீட்டுக்குக் கொடுப்பதானால் கடித்த வரலாறு முழுவதையும் எழுதிக் கொடுங்கள். தெருவில் கொண்டுபோய் விடுவது சட்டப்படி குற்றம். ஆபத்தான விலங்கை அலட்சியமாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

சரியான பிறகு

பல மாதம் அமைதியாக இருந்த நாய் மீண்டும் உறுமினால் பயிற்சி வீணானதாக நினைக்காமல், மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். புதிதாக ஒரு வலி வந்திருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியின் தேதியையும் குறிப்பேட்டிலேயே எழுதி வையுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, வெடிச்சத்த அச்சத்துக்கான மருந்தைக் கேளுங்கள். உடலை மட்டும் தளர்த்திவிட்டு அச்சத்தை அப்படியே விட்டுவைக்கும் வெறும் மயக்க மாத்திரையா, அச்சத்தையே குறைக்கும் மருந்தா என்பதைக் கேட்டுத் தெளிந்து, ஓர் அமைதியான நாளில் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்து, அளவு பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.